சீல் உடையாத பெட்டிக்குள் திருடன்!

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு கண்டெய்னர் லாரி ஒன்றும் புதிதல்ல. பள்ளிக்கூட வேனும், வேலைக்குப் போகிறவர்களின் பைக்கும் அந்த லாரிகளுக்கு நடுவே நுழைந்துதான் போகவேண்டும். சென்னைத் துறைமுகத்துக்கோ, எண்ணூரில் இருக்கும் காமராஜர் துறைமுகத்துக்கோ, காட்டுப்பள்ளிக்கோ போகும் அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்பது சாலையோரம் நிற்பவருக்குத் தெரியாது. பல நேரங்களில் டிரைவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி நம்பர், சீல் நம்பர், கையில் இருக்கும் பேப்பர். மூன்றும் பொருந்தினால் கேட் திறக்கும்.

இணையதளங்களும் இப்படிப்பட்ட பெட்டிகளை வைத்துத்தான் கட்டப்படுகின்றன. ஒரு ஷாப்பிங் தளத்தை உருவாக்குபவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. தேதியைக் காட்ட ஒரு பெட்டி, படத்தைச் சுருக்க ஒரு பெட்டி, பணம் வாங்க ஒரு பெட்டி என்று, யாரோ எழுதி 'பேக்' செய்து வைத்ததை எடுத்து அடுக்குகிறார். அந்தப் பெட்டிகளில் மிகச் சின்னது ஒன்று. 'வந்திருப்பவர் எந்த பிரவுசரில் வந்திருக்கிறார்?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அதன் வேலை. 2021 அக்டோபர் 22-ம் தேதி, அந்தச் சின்னப் பெட்டிக்குள் திருடன் ஏறிக்கொண்டான். சீல் உடையவில்லை. பேப்பரும் சரியாகவே இருந்தது.

வாசலில் காட்டும் சீட்டு

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி என்று எந்த பிரவுசராக இருந்தாலும், ஓர் இணையதளத்துக்குள் நுழையும்போது வாசலில் ஒரு சீட்டைக் காட்டும். அதற்கு 'யூசர் ஏஜென்ட்' என்று பெயர். துறைமுக கேட்டில் லாரிக்காரர் காட்டும் பாஸ் மாதிரி. 'நான் இந்த பிரவுசர், இந்த வெர்ஷன், இந்த வகை போனில் ஓடுகிறேன்' என்று அதில் இருக்கும்.

இது எதற்கு? மொபைலில் வந்தவருக்குச் சின்னத் திரைக்கு ஏற்ற பக்கத்தைக் கொடுக்கலாம். ஓட்டை உள்ள பழைய பிரவுசரில் வருபவரிடம் 'அப்டேட் செய்யுங்கள்' என்று வங்கித் தளம் எச்சரிக்கலாம். தினமும் சென்னையில் இருந்தே லாக்-இன் செய்கிறவரின் கணக்குக்குள், திடீரென்று வேறு ஊரில் இருந்து வேறு பிரவுசரில் யாராவது நுழைந்தால் சந்தேகப்படலாம்.

சீட்டைப் படிப்பது சுலபம்தானே என்று தோன்றும். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் குரோம் இன்று காட்டும் சீட்டைப் பாருங்கள்: 'மொஸில்லா/5.0 (லினக்ஸ், ஆண்ட்ராய்டு 10, கே) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஹெச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்... மொபைல் சஃபாரி/537.36'.

வந்திருப்பது கூகுளின் குரோம். ஆனால், சீட்டில் மொஸில்லா பெயர் இருக்கிறது, ஆப்பிள் பெயர் இருக்கிறது, சஃபாரி பெயரும் இருக்கிறது. போனில் புத்தம் புதிய ஆண்ட்ராய்டு இருந்தாலும் சீட்டு 'ஆண்ட்ராய்டு 10' என்றுதான் சொல்லும். ஏன் இத்தனை பொய்?

பந்தியில் பொய் சொன்ன பிரவுசர்கள்

கதை 1990-களில் தொடங்குகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1993-ல் பிறந்த 'மொசைக்' பிரவுசர்தான் சாதாரண மக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே அதை மிஞ்ச 'நெட்ஸ்கேப்' வந்தது. நிறுவனத்துக்குள் அதற்கு வைத்திருந்த செல்லப்பெயர் 'மொஸில்லா'. மொசைக்கை விழுங்க வந்த காட்ஸில்லா என்று அர்த்தம்.

நெட்ஸ்கேப்பில் 'ஃபிரேம்' என்ற புதிய வசதி இருந்தது. திரையைப் பல பகுதியாகப் பிரித்துக் காட்டலாம். இணையதளங்கள் வாசலில் சீட்டைப் பார்த்தன. 'மொஸில்லா' என்று இருந்தால் அழகான பக்கம். இல்லையென்றால் வெறும் பக்கம். கல்யாண வீட்டில் 'மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் பாயசம்' என்று அறிவித்தால் என்ன நடக்கும்? எல்லோரும் மாப்பிள்ளை வீட்டார் ஆகிவிடுவார்கள். 1995-ல் வந்த மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் ஃபிரேம் தெரியும். ஆனால், பெயரைப் பார்த்தே ஒதுக்கினார்கள். அதனால் அதுவும் தன் சீட்டில் 'மொஸில்லா' என்று எழுதிக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் தன் பெயரைச் சின்னதாகப் போட்டுக்கொண்டது.

பிறகு வந்தவர்கள் எல்லோரும் இதே வழியில் போனார்கள். 'கெக்கோ' என்ற இன்ஜின் பிரபலமானபோது, கேஹெச்டிஎம்எல் இன்ஜின் 'கெக்கோ மாதிரி' என்று போட்டுக்கொண்டது. அந்த கேஹெச்டிஎம்எல்லை அடிப்படையாக வைத்து ஆப்பிள் 2003-ல் சஃபாரியைக் கொண்டுவந்தது. 2008-ல் வந்த குரோம், சஃபாரி பெயரையும் சேர்த்துக்கொண்டது. முப்பது ஆண்டுப் பொய்களின் தழும்புகள் இன்றும் ஒவ்வொரு போனின் சீட்டிலும் இருக்கின்றன.

பெயரில் மட்டுமல்ல, எண்ணிலும் சிக்கல் வந்தது. 2009-ல் ஓபரா பிரவுசர் 10-வது வெர்ஷனுக்கு வந்தது. சீட்டைப் படிக்கும் பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, 'வெர்ஷன் 1-ஆ? ரொம்பப் பழசு' என்று திருப்பி அனுப்பின. கடைசியில் ஓபரா, தன் சீட்டில் 9.80 என்றே நிறுத்திக்கொண்டு, உண்மையான எண்ணை வால்பகுதியில் எழுதவேண்டியதாயிற்று. 2022-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-வது வெர்ஷனைத் தொட்டபோதும் இதே பயம் எழுந்தது. இரண்டு தரப்பும் முன்கூட்டியே மூன்று இலக்க எண்ணைச் சீட்டில் போட்டுச் சோதனை செய்து பார்த்தன.

லைப்ரரி எதற்கு?

இத்தனை பொய்யையும் விதிவிலக்கையும் ஒவ்வொரு புரோகிராமரும் தானே கற்றுக்கொண்டு சமாளிக்க முடியாது. அதனால், யாரோ ஒருவர் எல்லாவற்றையும் தொகுத்து எழுதி, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கிறார். அதுதான் 'லைப்ரரி'. இந்த வேலைக்காக எழுதப்பட்ட மிகப் பிரபலமான லைப்ரரிகளில் ஒன்று, 'யுஏ-பார்சர்-ஜேஎஸ்'. இந்தோனேசியாவைச் சேர்ந்த ஃபைசல் சல்மான் என்ற புரோகிராமர் எழுதியது. 2021-ல் வாரத்துக்கு 70 லட்சம் தடவைக்கு மேல் அது டவுன்லோடு ஆகிக்கொண்டிருந்தது.

எழுதினால் மட்டும் போதாது, பேக் செய்யவேண்டும். என்ன பெயர், எந்த வெர்ஷன், யார் எழுதியது, உள்ளே என்னென்ன கோப்புகள், இது ஓட வேறு எந்தப் பெட்டி தேவை என்பதையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி ஒட்டவேண்டும். அந்தப் பட்டியலுக்கு சாஃப்ட்வேர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'மேனிஃபெஸ்ட்'. துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். கப்பலில் வரும் சரக்குப் பட்டியலுக்கும் அதே பெயர்தான்! சாஃப்ட்வேர் உலகம் துறைமுகத்தில் இருந்து எடுத்துக்கொண்ட வார்த்தை இது ஒன்றல்ல. புரோகிராமை மொத்தமாக மூட்டைகட்டி வைப்பதற்கு 'கண்டெய்னர்' என்று பெயர். அதைச் செய்யும் பிரபல மென்பொருள் 'டாக்கர்'. ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குத் துறைமுகத் தொழிலாளி என்று பொருள்.

பேக் செய்த பெட்டியை 'என்.பி.எம்' என்ற பொதுக் கிடங்கில் வைத்துவிட்டால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு வரிக் கட்டளையில் எடுத்துக்கொள்ளலாம். இலவசம். கிடங்குக்குள் புதுப் பெட்டி வைப்பதற்குத்தான் சாவி வேண்டும். யுஏ-பார்சர்-ஜேஎஸ் விஷயத்தில் அந்தச் சாவி சல்மானின் கணக்கில் இருந்தது.

நான்கு மணி நேரம்

2021 அக்டோபர் மாத நடுவில் ஒரு முன்னறிகுறி தெரிந்தது. 'க்ளோ', 'க்ளோன்' என்ற பெயர்களில், யுஏ-பார்சர்-ஜேஎஸ் மாதிரியே வேஷம் போட்ட போலிப் பெட்டிகள் கிடங்கில் சிக்கின. உள்ளே கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராம் இருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்து நீக்கவைத்தார்கள். ஆனால், போலிப் பெயரில் வந்தால் சில பேர்தான் ஏமாறுவார்கள். நிஜப் பெயரிலேயே வந்தால்?

அக்டோபர் 22. சல்மானின் இ-மெயிலில் திடீரென்று நூற்றுக்கணக்கான தளங்களில் இருந்து குப்பை மெயில்கள் வந்து குவிந்தன. முக்கியமான எச்சரிக்கை மெயில் கண்ணில் படாமல் இருக்கச் செய்த தந்திரமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். விளைவு தலைகீழானது. 'ஏதோ சரியில்லை' என்று அவர் உஷாராகிவிட்டார். பார்த்தால், அவருடைய கணக்கில் இருந்து 0.7.29, 0.8.0, 1.0.0 என்று மூன்று புது வெர்ஷன்கள் கிடங்குக்குப் போயிருந்தன. எதையும் அவர் அனுப்பவில்லை.

அந்தப் பெட்டிகள் என்ன செய்தன? சில பெட்டிகளுக்கு 'பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்' என்று ஒரு கட்டளை எழுதி வைக்கலாம். நல்ல காரணத்துக்காக இருக்கும் வசதிதான். திருடன் அதைப் பயன்படுத்திக்கொண்டான். டவுன்லோடு முடிந்து, புரோகிராமர் லைப்ரரியைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கட்டளை ஓடியது. முதலில் 'இது விண்டோஸா, லினக்ஸா?' என்று பார்த்தது. லினக்ஸ் என்றால், எந்த நாடு என்று பார்த்தது. ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் என்றால் விட்டுவிட்டது. மற்ற நாடுகள் என்றால், கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராமை இறக்கி ஓடவிட்டது. விண்டோஸ் என்றால் அதோடு சேர்த்து, பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராமையும் இறக்கியது. வாசலில் வருபவரை அடையாளம் காணும் பெட்டி, உள்ளே எடுத்துவைத்த வீட்டுக்காரரையே அடையாளம் பார்த்தது!

சுமார் நான்கு மணி நேரம் அந்தப் பெட்டிகள் கிடங்கில் இருந்தன. பிறகு நீக்கப்பட்டு 0.7.30, 0.8.1, 1.0.1 என்ற சுத்தமான வெர்ஷன்கள் வந்தன. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு அன்றே எச்சரிக்கை விடுத்தது. கெட்ட வெர்ஷனை இறக்கிய கம்ப்யூட்டர் முழுவதும் அந்நியர் கைக்குப் போய்விட்டதாகவே கருதவேண்டும், எல்லா பாஸ்வேர்டுகளையும் வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து மாற்றவேண்டும் என்று புரோகிராமர்களுக்குச் சொல்லப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தளத்தைப் பார்த்தவர்களின் போனை இது நேரடியாகத் தாக்கவில்லை. தளத்தைக் கட்டுகிறவர்களின் கம்ப்யூட்டரைத்தான் தாக்கியது. ஆனால், கட்டுகிறவரின் கம்ப்யூட்டரில்தான் கடையின் எல்லாச் சாவிகளும் இருக்கும்.

பதினோராவது எழுத்து

துறைமுகத்தில் இதை எப்படித் தடுக்கிறார்கள்? ஒவ்வொரு கண்டெய்னரின் மேலும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். கடைசி எண் மட்டும் கட்டத்துக்குள் தனியாகத் தெரியும். அது சும்மா போட்டதல்ல. முதல் பத்து எழுத்து, எண்களுக்கு மதிப்பு கொடுத்து, அவற்றை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த எண். (மீதி 10 வந்தால் 0 என்று போடுவார்கள்.) எழுதும்போது ஓர் எண் மாறிப்போனாலும் கணக்கு இடிக்கும், தவறு தெரிந்துவிடும்.

சாஃப்ட்வேர் பெட்டிக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு, இன்னும் வலுவாக. உள்ளே இருக்கும் மொத்தக் கோப்பையும் கணக்குப் போட்டுக் கடைந்து ஒரு நீண்ட எண்ணை எடுக்கிறார்கள். 'ஹேஷ்' என்று பெயர். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும்.

பிறகு திருடன் எப்படி நுழைந்தான்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சீல் சொல்வது, 'பூட்டிய பிறகு யாரும் திறக்கவில்லை' என்பதை மட்டும். 'பூட்டியவர் யார், உள்ளே என்ன வைத்தார்' என்பதை அது சொல்லாது. திருடன் வழியில் பெட்டியை உடைக்கவில்லை. பேக்கிங் செய்யும் கொட்டகையின் சாவியைத் திருடி, தானே பேக் செய்து, தானே முறையாக சீல் வைத்து அனுப்பினான். கணக்கு எங்கும் இடிக்கவில்லை.

மணலிக்காரர்களுக்கு இது புரியும். 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி லெபனானின் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட்தான் காரணம் என்று தெரிந்த சில நாள்களில், மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் 37 பெட்டிகளில் சுமார் 700 டன் அதே சரக்கு இருப்பது செய்தியானது. 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்தது. ரகசியம் ஒன்றுமில்லை, பேப்பரில் எல்லாம் இருந்தது. ஆனால், பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் தெரியாது. பிறகு அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பேப்பரில் இருப்பது வேறு, அதை ஒருவர் அக்கறையோடு எடுத்துப் படிப்பது வேறு.

அப்டேட் செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து

'அப்படியானால் பழைய பெட்டியையே வைத்துக்கொள்ளலாமே?' அதுவும் முடியாது. பிரவுசர்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023-ல் 'உலா' என்ற தமிழ்ப் பெயரில் ஒரு பிரவுசரைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கென்று ஒரு பிரவுசர் வேண்டும் என்று மத்திய மின்னணு அமைச்சகம் நடத்திய போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசான ஒரு கோடி ரூபாயை ஸோஹோ வென்றது. உலா, குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டது. இப்படி ஒரே அஸ்திவாரத்தின் மேல் எழும் பிரவுசர்களைப் பிரித்துச் சொல்ல, லைப்ரரி எழுதுபவர் தன் பட்டியலை அடிக்கடி திருத்தவேண்டும். பழைய பெட்டியை வைத்திருக்கும் தளம், புதிதாக வருபவரைத் தவறாக அடையாளம் காணும். சில நேரம் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அக்டோபர் 22 அன்று மாட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? 'புது வெர்ஷன் வந்தால் தானாக எடுத்துக்கொள்' என்று எழுதி வைத்திருந்து, அந்த நான்கு மணி நேரத்துக்குள் எடுத்தவர்கள். 'சோதித்துப் பார்த்த இந்த வெர்ஷன், இந்த ஹேஷ் எண். இதைத் தவிர வேறு எதையும் ஏற்காதே' என்று பூட்டு வைத்திருந்தவர்கள் அன்று தப்பித்தார்கள். ஆகவே, பதில் அப்டேட்டை நிறுத்துவது அல்ல. கொஞ்சம் பொறுத்து, பார்த்து எடுப்பது. டெபியன் போன்ற லினக்ஸ் அமைப்புகளில், எழுதியவர் அனுப்பியதை அப்படியே கொடுப்பதில்லை. இன்னொரு தன்னார்வலர் மூலக் குறியீட்டில் இருந்து மறுபடி பேக் செய்து, தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு, சோதனைக் கிடங்கில் சில நாள் வைத்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்கு விடுகிறார். தாமதம்தான். அந்தத் தாமதம்தான் பாதுகாப்பு.

இன்னொரு நல்ல வழியும் உண்டு. பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, வேலை தெரியுமா என்று கேட்பது. யார்டில் ஆள் எடுக்கும்போது 'எந்த ஊர்?' என்பதைவிட, 'கிரேன் ஓட்டத் தெரியுமா?' என்பதுதானே சரியான கேள்வி? 'இந்த வீடியோ வகையைக் காட்டுவாயா?' என்று பிரவுசரிடமே நேரடியாகக் கேட்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. பல இடங்களில் சீட்டைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

சாவியும் சாவிக்காரரும்

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிடங்கின் விதிகள் மாறின. 2022 பிப்ரவரியில், அதிகமாகப் பயன்படும் 100 பெட்டிகளைப் பராமரிப்பவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமானது. பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஓ.டி.பி மாதிரி இன்னொன்றும் வேண்டும். ஆனாலும், 2025 செப்டம்பர் 8-ம் தேதி அதே கிடங்கில் இன்னொரு பராமரிப்பாளர் ஏமாற்றப்பட்டார். 'உங்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதுப்பியுங்கள்' என்று கிடங்கின் பெயரிலேயே ஒரு போலி மெயில். பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், சாவிக்காரரைப் பேசி மயக்கிவிடலாம்.

சல்மான் விஷயத்தில் யோசிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. பெரிய பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திய ஒரு பெட்டி, ஒற்றை மனிதரின் ஒற்றைக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டவர்கள் கோடிக்கணக்கில் சம்பாதித்தாலும், எழுதியவருக்குப் பணம் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிற்பாடு இரண்டாவது வெர்ஷனில் அவர் உரிமத்தை மாற்றினார். திறந்த மூல விதிகளை முழுதாக ஏற்பவர்களுக்கு இலவசம், ஏற்காத வணிகர்கள் கட்டண உரிமம் வாங்கவேண்டும். சிலர் முணுமுணுத்தார்கள். கிடங்குக்குக் காவலாளி வேண்டும் என்பவர்கள், காவலாளியின் சம்பளத்தைப் பற்றியும் பேசத்தானே வேண்டும்?

வீட்டுக்கு எடுத்துக்கொள்ள...

* போனில் பிரவுசர் அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். அதை பிளே ஸ்டோர் வழியாக மட்டும் செய்யவும். இணையதளம் நடுவில் 'உங்கள் பிரவுசர் பழசு, இங்கே தொடுங்கள்' என்று பாப்-அப் வந்தால் தொடவேண்டாம். வாசலில் காட்டிய சீட்டைப் படித்துவிட்டு, பிரவுசர் பெயரைச் சரியாகச் சொல்லியே ஏமாற்றுவார்கள்.

* அவசரமாக பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி மெயில் வந்தால், அதில் உள்ள லிங்க்கைத் தொடாமல், நீங்களே அந்தத் தளத்தின் முகவரியை டைப் செய்து போய்ப் பாருங்கள்.

* திடீரென்று குப்பை மெயில் மழையாகக் கொட்டினால், எரிச்சலில் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். நடுவில் வங்கியின் எச்சரிக்கை இருக்கலாம். அதைத் தேடிப் பாருங்கள்.

* வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை இருந்தால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். 'உன் புராஜெக்ட்டில் வெர்ஷனைப் பூட்டி வைத்திருக்கிறாயா?', 'இன்ஸ்டால் செய்யும்போது பெட்டி தானாக எதையும் ஓடவிடாமல் தடுத்திருக்கிறாயா?', 'அந்தப் பெட்டியை எழுதியவர் யார் என்று தெரியுமா?'

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. அங்கிருந்து தொடங்கினாலே போதும்.